சேலத்தில் கட்டிய ஒயிட் பெல்ட்

ஜூன் 3, திங்கள்

சேலம் வந்து சேர்ந்தாச்சு. ரெண்டு மாசம் டயாலிசிஸ் பயிற்சி. எங்க ஆஸ்பத்திரிக்குப் புதுசா மெஷின் வருது, அதை ஓட்டக் கத்துக்கிட்டு வான்னு நாகர்கோவில்ல இருந்து என்னை அனுப்பியிருக்காங்க. லேடீஸ் ஹாஸ்டல்ல மூணாவது மாடி. ஜன்னலைத் திறந்தா ஒரு கல்யாண மண்டபம் தெரியுது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலா தட்டுவடை செட் வாங்கித் தின்னேன். கொள்ளாம், ருசியாத்தான் இருந்துச்சு. இனிமே தினமும் தின்னக்கூடாது.

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. முதல் பக்கத்துல பேர், வயசு, வேலை, ரத்த குரூப் எல்லாம் கேட்டிருக்கு. ஜெசிந்தா, நாப்பத்தி நாலு, ஸ்டாஃப் நர்ஸ், ஓ பாசிட்டிவ். கராத்தேக்குக் கட்டம் இல்லை. ஓரத்துல நானே எழுதிக்கிட்டேன்: செகண்ட் டான், அதாவது பிளாக் பெல்ட்டுல ரெண்டாம் படி, இருபத்திரண்டு வருஷம்.

ஊர்ல என் மாஸ்டர் ஷீபா. என்னைவிட ஆறு வயசு இளையவ. நான் கிரீன் பெல்ட் கட்டியிருந்த காலத்துல பள்ளிக்கூட யூனிஃபார்மோட சேர வந்த பிள்ளை. ரெண்டு பிரசவத்துக்கு நான் விட்டுட்டுப் போனேன், அவ விடல. இப்போ அவ தேர்ட் டான். வெளியூர் போனா, அங்க எந்த கிளாசுக்குப் போகட்டும்னு மாஸ்டர்கிட்ட கேட்டுட்டுப் போறது எங்க வழக்கம். கிளம்புற அவசரத்துல ஷீபாகிட்ட சொல்ல மறந்துட்டேன்.

ஜூன் 5, புதன்

மண்டபத்துக்குப் பின்னால கார் நிறுத்துற கொட்டகையில கராத்தே கிளாஸ் நடக்குது! கல்யாணம் இல்லாத திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் ஆறு மணிக்கு லேடீஸ் பேட்ச். சத்தம் கேட்டு ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன், கால் தன்னால படி இறங்கிருச்சு.

மாஸ்டர் ஒரு பையன். பேர் மாதேஷ், இருபத்தி நாலு வயசு இருக்கும். பெல்ட் நுனியில ஒரே ஒரு கோடு, ஃபர்ஸ்ட் டான். மொத்தமே நாலு பொம்பளைங்க. நான் அஞ்சாவது.

வேற ஒருத்தர் கிளாசுக்குப் போகும்போது நம்ம பெல்ட்டைப் பெட்டியில வச்சுட்டு ஒயிட் பெல்ட்தான் கட்டிக்கிட்டுப் போகணும். போன உடனே, நான் இன்னார்கிட்ட இத்தனை வருஷம் படிச்சேன்னு சொல்லணும். அதுக்கப்புறம் எந்த பெல்ட் கட்டணும்னு அவங்க சொல்லுவாங்க. நான் முறைப்படி ஒயிட் பெல்ட் ஒண்ணு கொடுங்கன்னு கேட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் ஃபாரத்தை எடுத்து, முன் அனுபவம்னு இருந்த இடத்துல "இல்லை"ன்னு அவனே எழுதிட்டான்.

அப்புறம் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "பயப்படாதீங்கக்கா. இந்த வயசுல உடம்பு வளையாது, அது ஒண்ணும் தப்பில்ல. மெதுவாக் கத்துக்கலாம்"ன்னான்.

இந்த வயசுலயா? என் கால் உன் காதைத் தொடும் மக்கா. ஆனா நான் ஒண்ணும் சொல்லல. கண்ணு இருந்தா அவனே கண்டுபிடிக்கட்டும்.

ஜூன் 7, வெள்ளி

தப்பாக் குத்துறது எவ்வளவு கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இருபத்திரண்டு வருஷம் ஒரே மாதிரி குத்தின கை. தோளைத் தூக்கு, மணிக்கட்டை வளை, முழங்கையை வெளிய தள்ளுன்னு ஒவ்வொண்ணா அதுக்குச் சொல்ல வேண்டியிருக்கு. சரியாக் குத்துற நாள்ல இப்படி வேர்க்காது.

எனக்கு ஜோடி குணவதி. முப்பத்தொரு வயசு. வெள்ளிக் கொலுசு வளையத்தைத் தீயில ஒட்டிப் பத்த வைக்கிற பட்டறையில வேலை. விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னத் தீக்காயம். நான் சேர்ந்த அன்னிக்குத்தான் எனக்குப் பின்னால ஆறாவதா அவளும் சேர்ந்தா. வலது காலை வைக்கச் சொன்னா இடது காலை வைக்கிறா, மாத்தச் சொன்னா ரெண்டு காலையும் சேர்த்து வச்சுக்கிட்டு முழிக்கிறா. "நாம ரெண்டு பேரும் ஒரே நாள் சேர்ந்தவங்கக்கா, ஒண்ணாவே மேல போயிருவோம்"னு கையைப் பிடிச்சுக்கிட்டா. நானும் சரின்னு தலையாட்டினேன்.

ஜூன் 10, திங்கள்

தப்பாக் குத்தித் தோள் சுளுக்கிருச்சு. நர்சுக்கே ஐஸ் பை.

ஜூன் 12, புதன்

நல்லாக் குத்தினா என்ன ஆகும்னு ஒரு சின்ன சோதனை செஞ்சேன். பத்துல ஒண்ணு மட்டும் ஒழுங்கா விட்டேன். மாதேஷ் கொட்டகையோட அந்தக் கடைசியில நின்னவன் ஓடி வந்தான். "அக்கா, இதான், இதேதான்! மறுபடி போடுங்க!" பையன் முகத்துல ஒரு சந்தோஷம். மத்த அஞ்சு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, அக்கா எப்படிப் போடுறாங்கன்னு பாருங்கன்னு காட்டினான்.

நாகர்கோவில்ல என் குத்தைப் பார்த்து யாராவது ஓடி வந்து எத்தனை வருஷம் ஆச்சு? பிளாக் பெல்ட்காரி குத்து நல்லாத்தான் இருக்கும், அதுல என்ன அதிசயம்னு போயிருவாங்க.

டயாலிசிஸ் வகுப்புல இன்னிக்கு ஊசி போடுற இடம் பத்தி. அதுலயும் நான்தான் முதல்ல. ஆனா அங்க யாரும் கை தட்டல.

ஜூன் 14, வெள்ளி

பத்துல மூணு ஒழுங்கா விட்டேன்.

ஜூன் 17, திங்கள்

மண்டபத்துல கல்யாணம், கிளாஸ் இல்லை. கொட்டகையில சாம்பார் கொதிக்குது. ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் யாருக்கும் தெரியாம முழு வேகத்துல ஒரு மணி நேரம் பண்ணினேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பார்க்க யாரும் இல்லாததால சீக்கிரம் அலுத்துப்போச்சு.

ஜூன் 19, புதன்

இன்னிக்கு எனக்குக் கோபம்.

முதல் கட்டா சொல்லிக் கொடுத்தான். கட்டான்னா, எதிரி சுத்தி நிக்கிறதா நினைச்சுக்கிட்டு வரிசையாப் போடுற அடியும் தடுப்பும். நான் தூக்கத்துல கேட்டாலும் போடுவேன். ரொம்ப நல்லாவும் இல்லாம, ரொம்ப மோசமாவும் இல்லாம ஒரு அளவாப் போட்டேன். குணவதி வாயைப் பிளந்துக்கிட்டு நின்னா. மாதேஷ் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு யோசிச்சான். அப்புறம் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டான்: "ஒவ்வொரு குத்து முடிஞ்சதும் கண்ணு ஓரத்துல போகுதுக்கா. யாரைப் பாக்குறீங்க?"

ஃபர்ஸ்ட் டான் வாங்கி மூணு வருஷம் ஆகாத பையன் என்கிட்ட யாரைப் பாக்குறீங்கன்னு கேக்குறான். "ஓஸ்"னு சொன்னேன். மாஸ்டர் சொன்னா அந்த ஒரு வார்த்தைதான் பதில்.

சரி, எழுதிடுறேன். டைரிகிட்டயுமா பொய் சொல்றது? பிப்ரவரியில எனக்குத் தேர்ட் டான் பரீட்சை நடந்துச்சு. ஷீபா என்னை ஃபெயிலாக்கிட்டா. நாலு பேர் முன்னால சொன்னா: "அக்காக்கு எல்லாம் தெரியும். ஆனா பார்க்கிறவங்களுக்காகச் செய்யுதாங்க." நான் பெல்ட்டை அவிழ்த்துப் பையில போட்டுட்டு வந்தவ, அதுக்கப்புறம் கிளாஸ் பக்கம் போகல. சேலம் போறதைச் சொல்ல மறந்துட்டேன்னு மூணாம் தேதி எழுதியிருக்கேன். மறக்கல.

ஜூன் 21, வெள்ளி

கோபம் ஆறிப்போச்சு. மாதேஷ் செல்போன்ல என் கட்டாவைப் படம் எடுத்தான். ரெண்டு வாரத்துல இப்படி வர்ற ஆளை நான் பார்த்ததே இல்லக்கான்னான். அளவாப் போடணும்னுதான் நினைச்சேன். செல்போனைத் தூக்கிப் பிடிச்சதும் கையும் காலும் என் பேச்சைக் கேக்கல. கடைசி உதையைத் தோள் உயரத்துல வச்சேன்.

குணவதியை பஸ் ஏத்திவிட ஸ்டாப் வரைக்கும் நான் கூட நடந்தேன். பஸ் வர்ற நேரத்துல, "உங்களுக்கு யாராவது வீட்டுல சொல்லித் தர்றாங்களாக்கா?"ன்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன். அது உண்மைதானே?

ஜூன் 24, திங்கள்

கேட்டுக்கோ டைரி, கதை எங்கேயோ போயிருச்சு.

மாதேஷோட மாஸ்டர் பேர் பழனிவேல். சேலத்துல பெரிய ஸ்கூல், நூத்துக்கணக்குல மாணவர்கள். இந்த லேடீஸ் பேட்ச் மாதேஷ் அடம் பிடிச்சு ஆரம்பிச்சது. பழனிவேல் மாஸ்டருக்கு அரை மனசுதான். உனக்கே இன்னும் மீசை முழுசா முளைக்கல, குடும்பப் பொம்பளைங்க உன் பேச்சைக் கேப்பாங்களான்னு கேட்டிருக்கார். மூணு மாசம் நடத்து, வந்து பார்க்கிறேன், சரியா இருந்தா ஸ்கூல் பேர்ல நடத்த எழுதித் தர்றேன், இல்லைன்னா மூடிடுன்னு சொல்லியிருக்கார். அந்த மூணு மாசம் ஜூலை அஞ்சாம் தேதியோட முடியுது.

என் வீடியோவை மாதேஷ் அவருக்கு அனுப்பிட்டான். ஒண்ணுமே தெரியாம வந்த அக்கா, நாப்பத்தி நாலு வயசு, ரெண்டு வாரத்துல நான் சொல்லிக் கொடுத்ததுன்னு எழுதியிருக்கான். அவர், அந்த அம்மாவைப் பார்க்கணும்னு பதில் போட்டிருக்கார்.

"எனக்குச் சொல்லித் தர வருமான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுக்கா. உங்களைப் பார்த்தப்புறம்தான் நம்பிக்கை வந்துச்சு"ன்னான். கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. அந்த இடத்துலயே சொல்லியிருக்கணும். சும்மா சிரிச்சுட்டு வந்துட்டேன்.

ரூமுக்கு வந்து ரெண்டு தடவை குளிச்சேன். வெக்கை.

ஜூன் 26, புதன்

குணவதி வரல.

ஜூன் 28, வெள்ளி

இன்னிக்கும் வரல. ஜோடி இல்லாததால மாதேஷே என்கூட நின்னான். நான் ஒரு தடுப்பு போட்டேன். அவன் கை அப்படியே விலகிப்போச்சு, ஒரு நொடி என்னை உத்துப் பார்த்தான். அடுத்த தடுப்பை வேணும்னே கோட்டை விட்டேன். நெஞ்சுல விழுந்துச்சு. சாரிக்கா, சாரிக்கான்னு பதறிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவளுக்கு அடி விழுறது நியாயம்தான்.

ஜூன் 29, சனி

மத்தியானம் டூட்டி முடிஞ்சதும் குணவதியைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். சின்ன ரூம், அஞ்சு பொம்பளைங்க வரிசையா உக்கார்ந்து கொலுசுக்கு வளையம் பத்த வச்சுக்கிட்டிருந்தாங்க. குணவதி கை அங்க எவ்வளவு நிதானம்! மிளகைவிடச் சின்ன வளையத்தை இடுக்கியில பிடிச்சு, தீ காட்டி, எடுத்து வைக்கிறா. ஒண்ணுகூடத் தவறல.

ஏன் வரலன்னு கேட்டேன். முதல்ல வேலை அதிகம்னா. அப்புறம் வாசலுக்கு வந்து சொன்னா: "நாம ஒரே நாள் சேர்ந்தோம்க்கா. நீங்க எங்கேயோ போயிட்டீங்க. எனக்கு இன்னும் இடது கால் எது வலது கால் எதுன்னு குழப்பம். பள்ளிக்கூடத்துலயும் நான் இப்படித்தான். என் மண்டையில ஏறாதுன்னு எனக்குத் தெரியும், சும்மா ஆசைப்பட்டுட்டேன்."

அவ முகத்தைப் பார்க்க முடியல எனக்கு. வாசல்ல வச்சே எல்லாத்தையும் சொல்லிட்டேன். இருபத்திரண்டு வருஷம், செகண்ட் டான், பெட்டிக்கு அடியில கிடக்கிற பிளாக் பெல்ட், எல்லாம்.

என்னை மேலயும் கீழயும் பார்த்தா. அப்புறம் சிரிச்சா. அப்படி ஒரு சிரிப்பு, உள்ள இருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தாங்க. சிரிச்சு முடிச்சதும் கோபம் வந்துருச்சு. "இருபத்திரண்டு வருஷம் படிச்சவகூடவா நான் மூணு வாரமாப் போட்டி போட்டேன்? ராத்திரியெல்லாம் புருஷனை எழுப்பி நிறுத்தி வச்சுக் குத்திப் பழகினேனே, அந்த மனுஷன் தூக்கத்துக்கு யாரு பதில் சொல்றது?" அப்புறம் விரலை நீட்டி, மாஸ்டர்கிட்ட நீங்க சொல்லணும், திங்கக்கிழமை நான் வந்து பார்ப்பேன், சொல்லலைன்னா நானே சொல்லிருவேன்னா.

மூணு வாரமா கை நீட்டவே பயந்தவ, என்கிட்ட விரலை நீட்டிப் பேசுறா.

ஜூன் 30, ஞாயிறு

கோவிலுக்குப் போய்ட்டு வந்து ஷீபாவுக்கு போன் பண்ணினேன். நாலு மாசம் கழிச்சு. முதல் மணியிலயே எடுத்தா. நான் ஃபெயில் பத்திப் பேசல, அவளும் பேசல. நடந்ததைச் சொன்னேன். திட்டுவான்னு காத்துக்கிட்டிருந்தேன். அவ பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னா:

"அக்கா, வெளிய போனா எனக்க பேரைச் சொல்லணும்னு சொல்லுதது எனக்க பெருமைக்கா? உங்கள எங்க நிறுத்தணும், யாருகூட ஜோடி போடணும், எந்த அடி தாங்குவீங்கன்னு அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டாமா? ஒயிட் பெல்ட்டைக் கட்டுனீங்க, வாயைக் கட்டிக்கிட்டீங்க. அது பணிவு இல்ல. அவனைக் கண்ணைக் கட்டி நடக்க விட்டிருக்கீங்க."

அப்புறம் அவளே கேட்டா, பையன் எப்படிச் சொல்லித் தாரான்னு. நல்லாச் சொல்லித் தாரான்னு சொன்னேன். நான் அப்படிச் சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. அப்படின்னா நாளைக்கே சொல்லிருங்கன்னுட்டு போனை வச்சுட்டா.

என் வீட்டுக்காரர் அகஸ்டினுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். இவருக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

ஜூலை 1, திங்கள்

சொல்லிட்டேன்.

கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனதும், குணவதி மட்டும் தூண் பக்கத்துல செருப்பு மாட்டுற மாதிரி நின்னுக்கிட்டிருந்தா. நான் பையில இருந்து என் பெல்ட்டை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினேன். மாதேஷ் முதல்ல, யாருதுக்கா இதுன்னு சிரிச்சார். அப்புறம் நுனியில இருந்த ரெண்டு கோட்டையும், மடிப்பு தேஞ்சு வெளுத்திருந்ததையும் பார்த்தார். சிரிப்பு நின்னுபோச்சு.

அவர் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். உடனே ரெண்டு காலையும் சேர்த்து வச்சு, குனிஞ்சு, எனக்கு "ஓஸ்" சொன்னார். சீனியருக்குச் சொல்ற மாதிரி. அதுதான் தாங்கல.

"மாஸ்டர், வேண்டாம்"னு சொன்னேன்.

"நீங்க என்னை மாஸ்டர்னு கூப்பிடாதீங்க. ஒரு மாசமா நான் சொன்னதுக்கெல்லாம் ஓஸ், ஓஸ்னீங்களே. அதுல ஒண்ணாவது நிஜமா?"

ஒண்ணு நிஜம்னு சொன்னேன். யாரைப் பாக்குறீங்கன்னு கேட்டதைச் சொன்னேன். அதுக்காகத்தான் ஊர்ல என்னை ஃபெயிலாக்கினாங்க, நாலு மாசம் அவங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன், நீங்க சொன்ன அன்னிக்கு ராத்திரிதான் அது என் தப்புன்னு மனசுல பட்டுதுன்னு சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னார்.

"அதை நீங்க பிகினர்னு நினைச்சுத்தான் சொன்னேன். செகண்ட் டான்னு தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன்"னார்.

அப்புறம் வெள்ளிக்கிழமை வர வேண்டாம்னு சொன்னார். காட்டுறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லை, பழனிவேல் மாஸ்டர்கிட்ட நானே சொல்லிடுறேன், பேட்ச்சை மூடிடுறேன்னார். பாயைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார். சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். போற ஆள்கிட்ட என்னத்தைப் பேச?

அழுதேன். எழுத வெக்கமா இருக்கு, ஆனா அழுதேன்.

ஜூலை 3, புதன்

நான் போகல. ஜன்னலையும் சாத்திட்டேன். ஏழேகாலுக்கு குணவதி போன் பண்ணினா. இன்னிக்கு அஞ்சு பேரும் மாஸ்டரைச் சுத்தி உக்கார்ந்துட்டாங்களாம். எங்களைக் காட்டுங்க, எங்களுக்கு வர்றது வரட்டும், வராதது வராமப் போகட்டும்னு குணவதிதான் முதல்ல சொல்லியிருக்கா. "காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அவர் சொன்னாருல்ல? எனக்கு ரோஷம் வந்துருச்சுக்கா. நான் என்ன ஒண்ணும் இல்லாதவளா?"

எட்டு மணிக்கு மாதேஷ்கிட்ட இருந்து மெசேஜ். ஒரே வரி. "வெள்ளி 5.30. சொந்த பெல்ட்."

ஓஸ்னு பதில் போட்டேன்.

ஜூலை 4, வியாழன்

யூனிஃபார்மை ரெண்டு தடவை இஸ்திரி போட்டேன். டயாலிசிஸ் பரீட்சை அடுத்த வாரம், அதைப் பத்தி இப்போ கேக்காதே.

ஜூலை 5, வெள்ளி

எழுதக் கை வலிக்குது, இருந்தாலும் இன்னிக்கே எழுதிடணும்.

பழனிவேல் மாஸ்டர் ஸ்கூட்டர்ல வந்தார். அறுபது வயசுக்கு மேல, வெள்ளை மீசை, நிமிர்ந்த முதுகு. நாற்காலி போட்டதுக்கு உக்காரல. பெல்ட் வரிசைப்படி நிக்கும்போது நான் வலது கோடியில தனியா, கறுப்பா. அவர் கண்ணு நேரா என்கிட்டதான் வந்துச்சு.

மாதேஷ் ஒளிச்சு வைக்கல. இவங்க ஜெசிந்தா, நாகர்கோவில், ஷீபா மாஸ்டரோட ஸ்டூடண்ட், செகண்ட் டான், வீடியோவுல இருந்தது இவங்கதான், புதுசா வந்தவங்கன்னு நினைச்சு நான் விசாரிக்காம அனுப்பிட்டேன், என் தப்பு மாஸ்டர்னார். எதையும் விடாம முழுசாச் சொல்லி முடிச்சார். வரிசையில நின்னுக்கிட்டு பேசக்கூடாது. கையைத் தூக்கி அனுமதி கேட்டேன். தப்பு என்னோடதுன்னு மட்டும் சொன்னேன்.

பழனிவேல் மாஸ்டர் ரொம்ப நேரம் மீசையைத் தடவிக்கிட்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையா, "செகண்ட் டான் வரிசையில நிக்கிறது சரியில்லம்மா. நீங்க முன்னால வாங்க. இவங்களுக்கு நீங்களே கிளாஸ் எடுங்க, பார்ப்போம்"னார்.

சொன்னவர் பெரியவர். மறுக்கிறது மரியாதை இல்லை. போய் நின்னா, மாதேஷ் கதை அங்கேயே முடிஞ்சுது. உண்மையைச் சொல்றேன், ஒரு நொடி கால் நகரப் பார்த்துச்சு. எனக்கு நல்லா எடுக்க வரும். மாதேஷ் சுவரைப் பார்த்துக்கிட்டு, இடம் விட்டு ஒதுங்கத் தயாரா நின்னார்.

நான் பழனிவேல் மாஸ்டருக்குக் குனிஞ்சு ஓஸ் சொன்னேன். அப்புறம் மாதேஷ் பக்கம் திரும்பினேன்.

"மாஸ்டர், நான் என்ன செய்யட்டும்?"

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. தன்னோட மாஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கிட்டார்.

"குணவதி அக்காவுக்கு ஜோடி இல்லை. அங்க போய் நில்லுங்க."

"ஓஸ்"னுட்டுப் போய் நின்னேன்.

கிளாஸ் ஆரம்பிச்சுது. சும்மா சாதாரண கிளாஸ். உதைக்கும்போது ஒருத்தி தடுமாறினா, இன்னொருத்தி எண்ணிக்கையைத் தப்ப விட்டா, மாதேஷ் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய்த் தோளைத் தொடாம, ஒரு குச்சியால காட்டித் திருத்தினார். அப்புறம் ஜோடி ஜோடியாக் குத்தும் தடுப்பும். குணவதி குத்தணும், நான் தடுக்கணும். மூணு வாரமா அவ கை என் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலயே நின்னுரும், பயம். அதை நம்பி நான் முதல் குத்துக்குக் கையைச் சும்மா தூக்கி வச்சேன். ரெண்டாவதுக்கு அதைவிடச் சோம்பல்.

ரெண்டாவது குத்து நிக்கல. நேரா வந்துச்சு. இடுக்கி பிடிக்கிற கை இல்லையா, ஒரு நூல்கூட விலகல. என் மேல் உதடு கிழிஞ்சு வாயெல்லாம் ரத்தம்.

குணவதி, "ஐயோ, அக்கா!"ன்னு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. நாலு பேரும் நின்னுட்டாங்க. பழனிவேல் மாஸ்டர் ஒரு அடி முன்னால வந்தார். மாதேஷ் வேகமா வந்து என் தாடையைத் தூக்கிப் பார்த்தார், பல்லு இருக்கான்னு கேட்டார், இருக்குன்னேன். அப்புறம் திரும்பி குணவதிகிட்ட, "கையை இறக்குங்க. உங்க குத்து சரி"ன்னார்.

என்னைப் பார்த்தார். அவர் முகத்துல இப்போ சந்தேகம் எதுவும் இல்லை.

"தடுப்புதான் சரியில்லை. பத்து தண்டால்."

செகண்ட் டானுக்கு ஃபர்ஸ்ட் டான், அதுவும் தன் மாஸ்டர் முன்னால. யாரோ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டுச்சு. நான் வாயைப் புறங்கையால துடைச்சுக்கிட்டுத் தரையில விழுந்தேன். சத்தமா எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு. உதடு எரிஞ்சுது. அஞ்சுல சிரிப்பு வந்துருச்சு, அடக்கினேன். எட்டுல கை நடுங்குச்சு, நாப்பத்தி நாலு வயசுன்னா சும்மாவா? பத்து முடிச்சு எழுந்து, குனிஞ்சு, "ஓஸ், மாஸ்டர்"னேன்.

நிமிர்ந்தப்போ, பழனிவேல் மாஸ்டர் நாற்காலியில உக்கார்ந்து, ஸ்கூல் பேர் போட்ட தாளை மடியில வச்சுக்கிட்டு மாதேஷ்கிட்ட பேனா கேட்டுக்கிட்டிருந்தார்.

ஜூலை 6, சனி

உதடு வீங்கிக் கிடக்கு. டீயை ஆத்தி ஆத்திக் குடிச்சேன். வார்டுல டாக்டர் பார்த்துட்டு, என்ன சிஸ்டர், எங்கயாவது விழுந்துட்டீங்களான்னு கேட்டார். விழல டாக்டர், குணவதி குத்தினான்னு சொன்னேன். யார் அந்த குணவதின்னார்.

எங்க கிளாஸ் பொண்ணு, சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகுதுன்னு சொன்னேன்.